ஜெயித்த தளபதி ஜெயிலுக்குப் போன கதை

சரத் பொன்சேகா. தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதவர் குறைவு. இலங்கை ராணுவத்தின் தளபதியாக இருந்தவர். 2009-ம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது அந்தப் படைக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். கொழும்பு நகரில் வெடி வெடித்தார்கள். தெருவுக்குத் தெரு அவருடைய படத்தை மாட்டினார்கள்.

ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதே பொன்சேகாவை, அவர் கட்டி ஆண்ட அதே ராணுவத்தின் போலீசார் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஏன்? நடுவில் அவர் செய்த காரியம் ஒன்றுதான். ராணுவ உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஜனாதிபதி தேர்தலில் அபேட்சகராக நின்றார். தோற்றார்.

பிறகு அவர் மீது வழக்கு மேல் வழக்கு வந்தது. பதவி போயிற்று, பட்டம் போயிற்று, பென்ஷன் போயிற்று, கடைசியில் சிறைக் கதவும் சாத்தப்பட்டது.

"நன்றாக வேண்டும்" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அப்படித்தான் அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். எந்தக் குற்றத்துக்காக அவரை விசாரித்தார்கள் என்று ஒரு கணக்கு எழுதுங்கள். எதை விசாரிக்கவே இல்லை என்று பக்கத்தில் இன்னொரு கணக்கு எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

சேலம் ஜில்லாக்காரர்களுக்கு இது எங்கோ கடலுக்கு அப்பால் நடந்த சங்கதி அல்ல. மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கம் 1980-களில் விடுதலைப் புலிகள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். அந்த யுத்தத்துக்குப் பயந்து படகேறி வந்தவர்களின் முகாம் ஒன்று தம்மம்பட்டியை அடுத்த நாகியம்பட்டியில் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 2021-ல் மாற்றியது. இப்போது அதற்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்றைக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

யார் இந்தப் பொன்சேகா?

1950-ம் ஆண்டு டிசம்பரில் இலங்கையின் தென்கரையில் உள்ள அம்பலாங்கொடையில் பிறந்தவர். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் படித்தார். இருபது வயது நிரம்புவதற்குள் ராணுவத்தில் சேர்ந்தார். படிப்படியாக மேலே வந்தார். 2005 டிசம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சே அவரைத் தரைப்படைத் தளபதியாக நியமித்தார். ஜனாதிபதியின் தம்பி கோத்தபய ராஜபக்சே பாதுகாப்பு இலாகாவின் செயலாளர். இந்த மூன்று பேரும் சேர்ந்துதான் யுத்தத்தை நடத்தினார்கள்.

2006 ஏப்ரல் 25-ந் தேதி கொழும்பில் ராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே ஒரு பெண் தற்கொலைப் புலி அவருடைய கார் அருகே வெடித்தார். பொன்சேகாவுக்கு வயிற்றில் பலத்த காயம். பிழைப்பாரா என்று டாக்டர்களே சந்தேகப்பட்டார்கள். பிழைத்தார். சில மாதங்களில் வேலைக்கும் திரும்பிவிட்டார்.

வாய்த் துடுக்கு உள்ள மனிதர். 2008-ல் கனடா நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தபோது, இலங்கை சிங்களவருக்குச் சொந்தமான நாடு, மற்றவர்கள் இருக்கலாம், ஆனால் அளவுக்கு மீறிக் கேட்கக் கூடாது என்ற பொருள்படப் பேசினார். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டுத் தலைவர்கள் சிலரைக் கோமாளிகள் என்றார். இங்கே பெரிய கண்டனம் எழுந்தது. கடைசியில் இலங்கை அரசாங்கமே அதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, இவர் மீது தமிழர்களுக்கு அனுதாபம் வர நியாயம் இல்லை. இந்தக் கட்டுரையும் அனுதாபம் கேட்பதற்காக எழுதப்பட்டதல்ல.

கூட்டு முறிந்தது

யுத்தம் முடிந்ததும் மூன்று பேர் கூட்டு முறிந்தது. வெற்றியில் பங்கு யாருக்கு என்பதுதான் சண்டை. "நான் நடத்திய யுத்தம்" என்றார் தளபதி. "என் ஆட்சியில் நடந்த யுத்தம்" என்றார் ஜனாதிபதி.

2009 ஜூலையில் பொன்சேகாவைத் தரைப்படையிலிருந்து எடுத்து, முப்படைகளின் கூட்டுத் தலைவர் என்ற பதவியில் உட்கார வைத்தார்கள். கேட்பதற்குப் பெரிய பதவி. ஆனால் கையில் ஒரு பட்டாளமும் கிடையாது. மாடு இல்லாத வண்டி மாதிரி.

நவம்பரில் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். ராணுவப் புரட்சி செய்வேன் என்று தம்மைச் சந்தேகப்பட்டதாகவும், இந்தியாவுக்கும் அப்படிச் சொல்லி உஷார்ப்படுத்தியதாகவும் அதில் குறை கூறினார். வவுனியா முகாம்களில் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த தமிழ் ஜனங்களின் கஷ்டத்தையும் அந்தக் கடிதத்தில் சேர்த்திருந்தார். அதற்கு ஆறு மாதம் முன்பு அந்த ஜனங்களை அங்கே துரத்திய படைக்கு அவர்தான் தளபதி! அரசியல் என்பது மனிதனை எவ்வளவு சீக்கிரம் புதுப் பாட்டுப் பாட வைக்கிறது பாருங்கள்.

அன்னம் சின்னம்

ராணுவத்தில் இருந்தவர் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டால், ஓய்வு பெற்ற பிறகு தாராளமாக நிற்கலாம். நம் நாட்டில் தரைப்படைத் தளபதியாக இருந்த வி.கே.சிங், 2014-ல் காசியாபாத்தில் நின்று ஜெயித்து மத்திய மந்திரியானார். அமெரிக்காவில் ஐசன்ஹோவர் தளபதியாக இருந்து ஜனாதிபதி ஆனார். கிராமங்களில் பட்டாளத்துக்காரர் ஓய்வு பெற்று வந்து பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடுப்புப் போட்டிருக்கும்போது கட்சி வேலை செய்யக் கூடாது. அதுதான் விதி.

பொன்சேகா எதிர்க்கட்சிகளின் பொது அபேட்சகர் ஆனார். ரணில் விக்ரமசிங்கேயின் ஐக்கிய தேசியக் கட்சி அவரை ஆதரித்தது. அதற்கு நேர் விரோதியான ஜே.வி.பி.யும் ஆதரித்தது. அவருக்குக் கிடைத்த சின்னம் அன்னம். தம்மம்பட்டி மரச் சிற்பிகள் கோயில் வாகனத்துக்குச் செதுக்குகிறார்களே, அதே அன்னப் பறவை. பாலையும் தண்ணீரையும் பிரித்துக் குடிக்கும் என்று அந்தப் பறவையைப் பற்றிச் சொல்வார்கள். அந்தத் தேர்தலில் பாலும் தண்ணீரும் யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை.

எல்லோரையும் திகைக்க வைத்த செய்தி 2010 ஜனவரி முதல் வாரத்தில் வந்தது. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் பொன்சேகாவை ஆதரிப்பதாக அறிவித்தது!

தமிழர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்களா? போட்டார்கள். ஜனவரி 26-ந் தேதி தேர்தல் நடந்தது. நாடு முழுவதும் ராஜபக்சே நூற்றுக்கு 57 ஓட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். பொன்சேகாவுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 40. ஆனால் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, தோட்டத் தொழிலாளர் நிறைந்த நுவரெலியா ஆகிய இடங்களில் பொன்சேகாதான் முன்னால் நின்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அந்தப் படையின் தளபதிக்கா ஓட்டுப் போட்டாள் என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் நாலு பேரில் ஒருவர்தான் ஓட்டுச் சாவடிக்கே வந்தார். மற்ற மூன்று பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள். வந்த அந்த ஒருவரும் பொன்சேகாவை விரும்பி வந்தார் என்று சொல்ல முடியாது. ஆட்சியில் இருப்பவரை இறக்க வேறு ஆயுதம் கையில் இல்லை. அம்பு எய்தவனை இறக்க அம்பையே எடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹோட்டலைச் சுற்றி ராணுவம்

ஓட்டு எண்ணும் இரவில் பொன்சேகா கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கியிருந்தார். விடிவதற்குள் அந்த ஹோட்டலைச் சுற்றித் துப்பாக்கியுடன் ராணுவத்தினர் நின்றார்கள். அன்றைக்குக் கைது செய்யவில்லை.

பிப்ரவரி 8-ந் தேதி இரவு. கொழும்பில் அவருடைய அலுவலகம். ரவூப் ஹக்கீம், மனோ கணேசன், சோமவன்ச அமரசிங்கே ஆகிய கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ராணுவப் போலீசார் உள்ளே நுழைந்தார்கள். "நான் இப்போது ராணுவத்தில் இல்லை, கைது செய்வதானால் சாதாரணப் போலீஸ் வரட்டும்" என்ற வகையில் அவர் மறுத்திருக்கிறார். கேட்கவில்லை. பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஜனாதிபதி பார்லிமெண்டைக் கலைத்துப் பொதுத் தேர்தலுக்கு உத்தரவிட்டார்.

அவருடைய மனைவி பெயர் அனோமா. அதன் பிறகு கோர்ட்டுக்கும் கூட்டத்துக்கும் அவர்தான் நடந்தார். புருஷனைப் பார்க்க அனுமதி, வீட்டுச் சாப்பாடு கொடுக்க அனுமதி, மருந்து கொடுக்க அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் மனு. தமிழ்ப் பெண்கள் பல ஆண்டுகளாக முகாம் வாசலிலும் சிறை வாசலிலும் நின்ற வரிசையில் ஒரு தளபதியின் மனைவியும் வந்து நின்றார்.

ராணுவ கோர்ட்டு என்றால் என்ன?

சாதாரணக் கோர்ட்டில் ஜட்ஜு இருப்பார். அவருக்கும் அரசாங்கத்துக்கும் எஜமான், வேலைக்காரன் உறவு கிடையாது. ராணுவ கோர்ட்டு அப்படி அல்ல. ராணுவ அதிகாரிகளே ஜட்ஜுகளாக உட்காருவார்கள். போர்க்களத்தில் ஓடிப்போன சிப்பாய், துப்பாக்கியைத் தொலைத்த சிப்பாய், இப்படிப்பட்டவர்களைச் சீக்கிரமாக விசாரிக்க ஏற்பட்ட ஏற்பாடு அது.

பொன்சேகா விஷயத்தில் ஜட்ஜுகளாக உட்கார்ந்தவர்கள், அதற்கு முந்திய வருஷம் வரை அவருக்குச் சல்யூட் அடித்த அதிகாரிகள். அவர்களுடைய சம்பளமும் பதவி உயர்வும் ஜனாதிபதி, பாதுகாப்பு இலாகா கையில். தீர்ப்பை உறுதி செய்ய வேண்டியவரும் ஜனாதிபதியே. அந்த ஜனாதிபதியை எதிர்த்துத்தான் பொன்சேகா தேர்தலில் நின்றார்! பந்தயத்தில் ஓடியவரே பரிசு முடிவு செய்பவராகவும் இருந்தால் எப்படி?

ராணுவத்தை விட்டு வெளியேறியவரை ராணுவ கோர்ட்டில் எப்படி நிறுத்தினார்கள்? வேலையை விட்டு ஆறு மாதம் வரை, வேலையில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக விசாரிக்கலாம் என்று ராணுவச் சட்டம் இடம் தருகிறது என்றார்கள்.

முதல் வழக்கு, உடுப்பில் இருந்தபோதே அரசியல்வாதிகளுடன் பேசினார் என்பது. 2010 ஆகஸ்டு 13-ந் தேதி குற்றவாளி என்று தீர்ப்பு. பதவிப் பட்டம், பதக்கங்கள், பென்ஷன் எல்லாம் பறிபோயின.

இரண்டாவது வழக்கு, ராணுவத்துக்குச் சாமான் வாங்கிய டெண்டர்களில் விதிமீறல். மருமகனுக்குத் தொடர்புள்ள கம்பெனிக்குச் சலுகை காட்டினார் என்பது புகார். செப்டம்பரில் 30 மாதச் சிறைத் தண்டனை. ஜனாதிபதி அதை உறுதி செய்தார்.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் புகார்கள் இரண்டும் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தளபதி பதவியில் உட்கார்ந்துகொண்டு கட்சித் தலைவர்களோடு பேரம் பேசினால் அது எந்த நாட்டிலும் தப்புதான். மருமகன் சம்பந்தப்பட்ட டெண்டரை விசாரிக்கத்தான் வேண்டும். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா மைத்துனனுக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

ஆனால் டெண்டர் நடந்தபோது எல்லோரும் எங்கே இருந்தார்கள்? பொன்சேகா வேண்டியவராக இருந்தவரை அந்தக் காகிதக் கட்டு அலமாரியில் தூங்கிற்று. 2009 ஜூலையில் அவருக்குப் பெரிய பதவி கொடுத்தபோதும் தூங்கிற்று. எதிர்த்து ஓட்டுக் கேட்டார், கட்டு விழித்துக்கொண்டது. குற்றம் நடந்த தேதிக்கும் வழக்குப் போட்ட தேதிக்கும் நடுவில் ஒரு தேர்தல் தேதி இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு இந்த வழக்கைப் படிக்கவே முடியாது.

நடுவில் ஒரு வேடிக்கை. காவலில் இருந்தபடியே அவர் 2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் நின்றார். கொழும்பு ஜனங்கள் ஜெயிக்க வைத்தார்கள். காவலிலிருந்து பார்லிமெண்டுக்கு வந்து பேசிவிட்டு மறுபடி காவலுக்குப் போனார். சிறைத் தண்டனை வந்ததும் அந்த ஸ்தானமும் போயிற்று. ராணுவ கோர்ட்டும் ஒரு கோர்ட்டுதானா என்று வழக்காடிப் பார்த்தார். ஆம், கோர்ட்டுதான் என்று 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

வெள்ளைக் கொடி வழக்கு

மூன்றாவது வழக்குதான் நமக்கு முக்கியம்.

2009 மே 18-ந் தேதி. யுத்தத்தின் கடைசி நேரம். புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் நடேசன், சமாதானச் செயலகத்தின் புலித்தேவன் முதலானவர்கள் வெள்ளைக் கொடியுடன் சரணடைய வந்தார்கள் என்றும், அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள் என்றும் குற்றச்சாட்டு. அரசாங்கம் மறுத்தது.

தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்த 2009 டிசம்பர் 13-ந் தேதி, கொழும்பு 'சண்டே லீடர்' பத்திரிகையில் பொன்சேகாவின் பேட்டி வந்தது. சரணடைய வருபவர்களைக் கொல்லும்படி கோத்தபய ராஜபக்சே, களத்தில் இருந்த தளபதி சவேந்திர சில்வாவுக்கு உத்தரவிட்டதாக அவர் சொன்னார் என்று அதில் இருந்தது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கா அதே ஆண்டு ஜனவரியில் பட்டப்பகலில் கொல்லப்பட்டவர் என்பதை நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட காலத்தில் வந்த பேட்டி.

சிங்கள மக்கள் நடுவே கொந்தளிப்பு. "வீரர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டார்" என்றார்கள். பொன்சேகா பின்வாங்கினார். தாம் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார். ஓட்டுப் போய்விடும் என்ற பயமா, உண்மையிலேயே அப்படிச் சொல்லவில்லையா? பத்திரிகை ஆசிரியை பிரெடெரிகா ஜான்ஸ் கோர்ட்டில் ஏறி, அவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்று சாட்சி சொன்னார்.

இப்போது கவனியுங்கள். ஒரு நாட்டில், சரணடைந்தவர்களைச் சுட்டார்கள் என்று முன்னாள் தளபதியே சொன்னதாகப் பத்திரிகையில் வருகிறது. சர்க்கார் என்ன செய்ய வேண்டும்? சுட்டார்களா, இல்லையா, உத்தரவு யார் கொடுத்தார் என்று விசாரிக்க வேண்டும் அல்லவா? விசாரித்தார்கள். ஆனால் சுட்டதை அல்ல. சொன்னதை!

வதந்தி பரப்பி ஜனங்களைக் கலக்கப்படுத்தினார் என்று அவசரகால விதிகளின்படி வழக்கு. மூன்று ஜட்ஜுகள். 2011 நவம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. இரண்டு பேர் குற்றவாளி என்றார்கள். ஜட்ஜு வரவேவ மட்டும் ஒத்துக்கொள்ளாமல் வேறு தீர்ப்பு எழுதினார். மூன்று ஆண்டு சிறை. 5,000 ரூபாய் அபராதம்.

கொலை நடந்ததா என்பதற்கு இன்று வரை கோர்ட்டு இல்லை. அது பற்றிப் பேசியதற்குக் கோர்ட்டு கூடி, சாட்சி கேட்டு, தண்டனையும் கொடுத்து முடித்தாகிவிட்டது.

வெலிக்கடைச் சிறை

பொன்சேகாவை அடைத்தது கொழும்பு வெலிக்கடைச் சிறையில். வயதான வாசகர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் குட்டிமணி, தங்கத்துரை முதலிய 53 தமிழ்க் கைதிகளை அந்தச் சிறைக்குள்ளேயே அடித்துக் கொன்றார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வழக்கே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த தமிழ் இளைஞர்கள் இலங்கைச் சிறைகளில் எத்தனையோ பேர். பொன்சேகாவுக்கு வக்கீல் இருந்தார். பத்திரிகை எழுதிற்று. வெளிநாட்டுத் தூதர்கள் கேட்டார்கள். அந்த இளைஞர்களுக்கு அது ஒன்றும் இல்லை. அவசரச் சட்டம், ரகசிய விசாரணை, வாயைத் திறந்தால் வழக்கு என்று முப்பது ஆண்டுகளாகத் தமிழர் மேல் பழகிய கத்தி, ஒரு நாள் சிங்களத் தளபதி மேலும் பாய்ந்தது. அந்தக் கத்தி கூராக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர்தான்.

இரண்டு பழைய வழக்குகள்

ராணுவத்தினர் மேல் அரசியல் வழக்குப் போடுவது புதிதல்ல. இரண்டு உதாரணம் போதும்.

1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகளை வெள்ளைக்காரர்கள் ராணுவ கோர்ட்டில் நிறுத்தினார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்த படை அது. அதுவும் ராணுவ கோர்ட்டுதான். ஆனால் நிருபர்கள் முன்னிலையில் நடந்தது. புலாபாய் தேசாய் வாதாடினார். நேருவும் பழைய வக்கீல் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கோர்ட்டில் நடந்தது நாடெங்கும் பேச்சாயிற்று. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தும், பிரிட்டிஷ் சேனாதிபதியே 1946 ஜனவரியில் அதை ரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. ஷா நவாஸ் கான் பிறகு பார்லிமெண்டு மெம்பராகி, மந்திரியாகவும் இருந்தார்.

இன்னொன்று இலங்கையிலேயே நடந்தது. 1962 ஜனவரியில் சிறிமாவோ பண்டாரநாயகாவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ராணுவ, போலீஸ் அதிகாரிகள் பிடிபட்டார்கள். சதி நடந்தது நிஜம். ஆனால் அரசாங்கம் என்ன செய்தது? அவர்களுக்காகவே புதுச் சட்டம் போட்டு, அது முன்தேதியிலிருந்தே செல்லும் என்றது. 11 பேருக்குப் பத்தாண்டுத் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போயிற்று. குறிப்பிட்ட ஆட்களைத் தண்டிப்பதற்கென்றே சட்டம் தைக்கக் கூடாது என்று சொல்லி 1965 டிசம்பரில் அத்தனை பேரையும் விடுவித்துவிட்டார்கள். குற்றம் செய்தவர்களாகவே இருந்தாலும், வளைத்த சட்டத்தால் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பொன்சேகாவின் காலத்தில் பிரிவி கவுன்சில் இல்லை. 1970-களின் தொடக்கத்திலேயே இலங்கை அந்த அப்பீல் கதவைச் சாத்திவிட்டது.

மன்னிப்பும் பெரிய பட்டமும்

2012 மே 21-ந் தேதி ஜனாதிபதி உத்தரவின் பேரில் பொன்சேகா விடுதலையானார். ஆனால் ஓட்டுப் போடவும் தேர்தலில் நிற்கவும் ஏழு ஆண்டு முடியாது என்ற நிலை. அப்படியும் சும்மா இருக்கவில்லை. கட்சி தொடங்கினார். 2015 ஜனவரித் தேர்தலில் மைத்ரிபால சிறிசேனாவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார். சிறிசேனா ஜெயித்தார். அதே மாதத்தில் பொன்சேகாவுக்குப் பூரண மன்னிப்பு! பட்டம், பதக்கம், பென்ஷன் எல்லாம் திரும்பி வந்தன. மார்ச் 22-ந் தேதி பீல்டு மார்ஷல் பட்டமும் கொடுத்தார்கள். இலங்கையில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் மனிதர் அவர்தான். 2016-ல் மந்திரியானார்.

ஜனாதிபதி மாறினார், குற்றவாளி மாவீரர் ஆனார். நடுவில் புதிதாக ஒரு சாட்சியும் வரவில்லை. எந்தக் கோர்ட்டும் பழைய தீர்ப்பு தப்பு என்று அலசிப் பார்க்கவில்லை. போட்டதும் அரசியல், எடுத்ததும் அரசியல் என்றால் டெண்டர் புகார் உண்மையா, பொய்யா என்பது இலங்கை ஜனங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போயிற்று.

ஓட்டுப் பெட்டி மட்டும் அவருக்கு மன்னிப்புக் கொடுக்கவில்லை. 2015 ஆகஸ்டு பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 2024 செப்டம்பரில் மறுபடி ஜனாதிபதி தேர்தலில் நின்றார். நூற்றுக்கு ஒரு ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. அவரை 2010-ல் தோளில் சுமந்த ஜே.வி.பி.யின் தலைவர் அனுர குமார திசநாயகா அந்தத் தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானார்.

எழுதப்படாத பக்கம்

இப்போது இரண்டாவது கணக்குக்கு வருவோம். பொன்சேகா எதற்காக விசாரிக்கப்படவில்லை?

ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த மூவர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களிலும், ஆஸ்பத்திரிகளிலும் குண்டு விழுந்தது என்றது. புலிகளும் ஜனங்களைக் கேடயமாகப் பிடித்து வைத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்தக் குண்டுகளைப் போட்ட படைக்குத் தளபதி யார்? பொன்சேகா. உத்தரவு கொடுத்த இலாகாவுக்குச் செயலாளர் யார்? கோத்தபய. இது பற்றி இரண்டு பேரையும் இலங்கையில் எந்தக் கோர்ட்டும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கோத்தபய 2019-ல் ஜனாதிபதியே ஆகிவிட்டார். 2022 ஜூலையில் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்தபோதுதான் நாட்டை விட்டு ஓடினார். அதுவும் அரிசி, பெட்ரோல் தட்டுப்பாட்டால். முள்ளிவாய்க்காலுக்காக அல்ல.

தமிழரைக் கொன்றதற்காக ஒரு ராணுவத்தானும் தண்டனை பெறவில்லையா என்று கேட்பீர்கள். 2000-ம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில் குழந்தை உள்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் 2015-ல் ஒரு சார்ஜண்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவில் உலகமே கதவைச் சாத்தியிருந்த சமயத்தில், கோத்தபய அவருக்கு மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

சவேந்திர சில்வா 2019-ல் தரைப்படைத் தளபதியானார். அவரை உள்ளே விடமாட்டோம் என்று அமெரிக்கா 2020-ல் தடை போட்டது. பிரிட்டன் 2025 மார்ச்சில் அவர் மீதும், முன்னாள் தளபதி ஜெகத் ஜெயசூர்யா, முன்னாள் கடற்படைத் தளபதி கரன்னகொடா, புலிகளை விட்டுப் பிரிந்த கருணா ஆகியோர் மீதும் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் பொன்சேகாவின் பெயர் இல்லை.

2015 அக்டோபரில் ஜெனீவாவில், வெளிநாட்டு ஜட்ஜுகளும் பங்கு கொள்ளும் விசேஷக் கோர்ட்டு அமைப்பதற்கு இலங்கை ஒப்புக்கொண்டது. 2017 செப்டம்பரில் பொன்சேகாவே ஒரு பேச்சுப் பேசினார். ஜெயசூர்யா செய்த குற்றங்கள் தமக்குத் தெரியும் என்றும், முறையான விசாரணை நடந்தால் சாட்சி சொல்லத் தயார் என்றும் அறிவித்தார். தம் காலத்துக் காரியங்களைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும், உள்ளே இருந்த ஒருவர் கூண்டில் ஏறுகிறேன் என்றார்.

ஏற ஒரு கூண்டு இல்லை. விசேஷக் கோர்ட்டு அமையவே இல்லை. 2020 பிப்ரவரியில் இலங்கை அரசாங்கம் அந்த வாக்குறுதியையே வாபஸ் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு ஐ.நா. மனித உரிமைச் சபை, சாட்சியங்களைச் சேகரித்துப் பத்திரப்படுத்த ஜெனீவாவில் ஓர் ஏற்பாடு செய்தது. அங்கே காகிதங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.